சுவருக்குள் இருந்த தேனீக்கள்

இன்று கடைக்காரர் தேன் பாட்டிலைத் திறந்து காட்டியபோது வந்த மெழுகு வாசனை, எண்பதுகளில் நாங்கள் வாழ்ந்த, பின்னாளில் சாலையை அகலப்படுத்த இடிக்கப்பட்ட எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி வீட்டின் மண்சுவரருகே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அந்தச் சுவர்ப் பொந்தில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. காதை வைத்தால் சுவரே முனகுவதுபோல் இருக்கும். சண்டை போடுகிற வீட்டில் தேனீ தங்காது என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் அப்பாவும் அம்மாவும் கிசுகிசுத்தே சண்டை போட்டார்கள். அப்பாவின் குரல் சற்று உயர்ந்தாலும், "மெதுவா பேசுங்க, அதுங்களுக்குக் கேட்டுரும்" என்பாள் அம்மா. அவரும் உடனே தணிந்துவிடுவார். மற்ற வீட்டுப் பிள்ளைகள் சத்தத்துக்குப் பயந்தார்கள். எனக்கோ கிசுகிசுப்பு கேட்டால்தான் பயம். ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்து, தேனீக்கள் போய்விடவில்லையே என்று உறுதிசெய்துகொள்வேன்.

ஒரு மாசி மாதக் காலையில் நான் எழுந்தபோது, அப்பா அந்தச் சுவரில் காதை வைத்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "எல்லாம் உள்ளதான் இருக்குது கண்ணு" என்றார், மெதுவாக.

தேனீக்கள் இருந்தன. அம்மாவும் அவளுடைய டிரங்குப் பெட்டியும்தான் இல்லை.