ஒற்றை ஆளுக்கு ஒரு சர்வர்

காலையில் ஒரு மின்னஞ்சல். ஆப் ஓடுவதற்கான சர்வர் கணினியை வாடகைக்கு விடும் கம்பெனியிலிருந்து. வெகு நாட்களாக உங்கள் சர்வரை யாரும் பயன்படுத்தவில்லை, நிறுத்திவிடலாமா என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். பதில் எழுதாமல் மேசை இழுப்பறையைத் திறந்து அம்மாவின் பழைய போனை எடுத்தேன். அதன் உறையில் வாழைப்பூக் கறை. எத்தனை தேய்த்தும் போகவில்லை. இப்போது தேய்ப்பதுமில்லை.

வாழைப்பூ ஆய்கிறவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அம்மா தடவ மாட்டாள். "வாழை வெளையற தொட்டியத்துல பொறந்தவள வாழைக்கறை என்னடி பண்ணும்?" என்பாள். அந்தக் கையோடுதான், ஸ்ரீரங்கத்து வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, என் ஆப்பைச் சோதித்துப் பார்ப்பாள்.

அப்போது நானும் இரண்டு நண்பர்களும் திருச்சி கே.கே. நகரில் ஒரு மாடியறையில் கம்பெனி என்று ஒன்றை நடத்திவந்தோம். பெயர்ப்பலகைதான் பெரிது. வீட்டுக்கே காய்கறி கொண்டுவந்து கொடுக்கும் ஆப். டெஸ்டிங் என்பது வேறொன்றுமில்லை, நாம் செய்து வைத்ததை இன்னொருவர் உடைத்துப் பார்ப்பது. அந்த வேலைக்கு அம்மாவை மிஞ்ச ஆளில்லை. பால்காரர் முதல் பஞ்சாங்கம் வரை எதையும் லேசில் நம்பமாட்டாள்.

"என்னடி, பூவன்னு போட்டா ரஸ்தாளியக் காட்டுது. எங்கிட்டயே இந்த வேலையா?"

"சரி பண்ணிடறேம்மா."

"போன வாரமும் இதத்தான் சொன்ன."

நல்லாயிருக்கு என்று ஒரு நாளும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது என்பதை இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு ஒரே நாளில் மூன்று வாழைப்பூ ஆர்டர் செய்ய ஆரம்பித்தாள். கேட்டால், "நான் எங்கடி போட்டேன்? உன் ஆப்தான் தானா போட்டுக்குது" என்றாள். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பட்டனைப் பெரிதாக்கினேன். அழுத்தினால் நிறம் மாறும்படி செய்தேன். 'உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். மறுநாளும் மூன்று வந்தது. வீடெல்லாம் வாழைப்பூ. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம்.

அந்தச் சமயத்தில் பெங்களூரில் புரோகிராமர்களின் மாநாடு ஒன்று. கழுத்தில் அட்டை, கையில் ஆறிய காபி, யாரைப் பார்த்தாலும் ஒரு புன்னகை. மேடையேறி, என் அம்மாதான் என் டெஸ்டர் என்று பேசினேன். மூன்று வாழைப்பூ கதையைச் சொன்னதும் அரங்கமே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே இறங்கியதும் காதோரம் நரைத்த ஒரு பெண்மணி என்னைத் தனியாக அழைத்தார்.

"உங்க அம்மா ஆர்டர் போட்டதையே மறந்துடறாங்களா?"

"ஆமாங்க."

"எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

ஊர் திரும்பியதும் காட்டினேன். மறதி நோய் என்றார் டாக்டர். என் பட்டனில் ஒரு கோளாறும் இருக்கவில்லை. இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கம்பெனி நொடித்துப்போய் ஆப்பை மூடினோம். அம்மா போனை விடவில்லை. ஆர்டர் போகவில்லை என்றால் படபடத்துப்போய் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள். அதனால் ஒரு சின்ன சர்வரை மட்டும் என் பெயரில் ஓடவிட்டேன். ஆயிரக்கணக்கானவர்கள் வந்தாலும் தாங்கவேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு கட்டியது, கடைசியில் ஒருத்திக்காக ஓடியது. ஸ்ரீரங்கத்தில் கீழ் வீட்டில் அவள் ஆர்டர் போடுவாள். மாடியில் நான் வேறு கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது என் கைப்பேசி ஒலிக்கும். தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கிவந்து அவளிடம் கொடுப்பேன்.

ஒரு நாள் பையை வாங்கிக்கொண்டவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது எம்பொண்ணு பண்ணின ஆப்ங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கா. அவகிட்ட சொல்லிடாதீங்க, தலக்கனம் வந்துடும்" என்றாள்.

"சொல்லமாட்டேங்க" என்றேன். மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது என் ஆபீசில் டெஸ்டிங் முழுவதும் தானாக நடக்கிறது. சரி என்று திரையில் வரிசையாகப் பச்சை எரியும். பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் சண்டை போட அம்மா இல்லை.

மின்னஞ்சலில் 'நிறுத்து' என்று ஒரு பட்டன் இருந்தது. அதைத் தொடவில்லை. பழைய போனுக்கு சார்ஜ் போட்டு ஒரு வாழைப்பூ ஆர்டர் செய்தேன். உடனே என் கைப்பேசி ஒலித்தது. எல்லாம் சரியாகத்தான் வேலை செய்கிறது. போய் வாங்கிவந்தேன். கீழ் வீடு பூட்டியிருந்தது.