‘நல்லா இருக்கறேனுங்க’ என்கிற வியாதி

பெண் பார்க்கப் போன வீட்டில் “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?” என்று கேட்டால், ஒரு தடவை செருமிக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய தொழில் என்னுடையது: கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் ஆண் நர்ஸ். அடுத்தவருக்குச் சிறுநீர் இறங்கினால்தான் எனக்குச் சோறு இறங்கும். டோக்கனைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் இடுப்பு ஒடிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, நாமெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரிவுக்கு ஒரு புது வைத்தியம் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சில்லறைத் திருடன்

கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்த பழனிச்சாமிக் கவுண்டருக்குச் சிறுநீர்ப்பையில் புற்று. பீடி கொடுத்த சீர் என்றார் டாக்டர். குழாய் விட்டுச் சுரண்டி எடுப்பதும் அது மறுபடி முளைப்பதுமாக இருந்தது. இன்னொரு முறை முளைத்தால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். “அதைக் கட்டிக்கிட்டு நாலு பேரு பக்கத்துல எப்படிங்க உக்காருவேன்?” என்று கேட்டுவிட்டு, அதன்பின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதற்கு முன்னால் இதைச் செய்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். பிறந்த குழந்தைக்குத் தோளில் போடுகிறோமே காசநோய்த் தடுப்பூசி, அதே பி.சி.ஜி. மருந்தை நிறையக் கலந்து நேராகச் சிறுநீர்ப்பைக்குள் விடுவது. அதில் இருப்பது பலம் குறைத்த காசநோய்க் கிருமி. அதை விரட்ட உடம்பின் காவல் அணுக்கள் கிளம்பி வரும், வந்த இடத்தில் புற்றையும் சேர்த்து அடிக்கும். எப்படி அடிக்கிறது என்பது பெரிய ஆராய்ச்சிக்காரர்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது என்பதையும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கவுண்டர் சொன்னார்: “தோப்புக்குள்ள ஏற்கெனவே ஒரு திருடன் இருக்கறானுங்க, ஊர்ச்சனம் கண்டுக்காம தூங்குது. நீங்க ஒரு சில்லறைத் திருடனை உள்ள உட்டு ஊரை எழுப்பறீங்க. செரி, உடுங்க.”

முதுகைக் காட்ட மாட்டார்

வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை, மொத்தம் ஆறு தடவை. மருந்து சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் ரயிலேறி வரும். கவுண்டருக்குப் பக்கத்துக் கட்டிலில் அதே நோய், அதே மருந்து, டவுன்ஹால் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த ரஹீம் பாய். மருந்து உள்ளே போனதும் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். சும்மா அடக்கினால் போதாது. மல்லாக்க, குப்புற, இடம், வலம் என்று மாறி மாறிப் படுத்தால்தான் மருந்து எல்லாச் சுவரிலும் படும்.

முதல் வாரமே சிக்கல் வந்தது. பாய் இருக்கிற பக்கம் திரும்பிய கவுண்டர் மறுபக்கம் திரும்பவே இல்லை. இரண்டு பேரும் தேங்காய் விலையில் ஆரம்பித்து மில் ஸ்ட்ரைக்கு வரை போய்விட்டார்கள். நான் கெஞ்சினேன், அதட்டினேன். பேசிக்கொண்டிருக்கிற மனிதருக்கு முதுகைக் காட்டுவது மரியாதை இல்லை என்று கவுண்டர் அசையவே இல்லை. மருந்து ஒரு பக்கமே தேங்கி நின்றால் இன்னொரு பக்கத்துப் புற்றை யார் கேட்பது? கடைசியில் ஒரு மடக்குத் தட்டியைக் கொண்டுவந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவே நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பாயின் குரல் வந்தது: “கவுண்டரே, நான் இப்ப அந்தாண்டை திரும்பிப் படுத்துக்கறேன். நீங்களும் தாராளமாத் திரும்புங்க, தப்பா நினைக்க மாட்டேன்.”

காய்ப்பு மரம்

வீட்டுக்குப் போன பிறகும் அன்றைக்குச் சில மணி நேரம் சிறுநீரில் கிருமி வரும். அதனால் கக்கூசில் போக வேண்டும், போனதும் பிளீச்சிங் ஊற்றி வைத்திருந்து அப்புறம் தண்ணீர் விட வேண்டும். கவுண்டரின் மனைவி மயிலாத்தாளிடம் இதை ஒப்புவிக்கச் சொல்லியே அனுப்பினேன். அவரும் தப்பில்லாமல் ஒப்புவித்தார். ஆனால் கவுண்டர் பிறந்ததிலிருந்து தோப்பில்தான் ஒதுங்குகிறவர் என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சொன்ன வைத்தியத்தை அந்த அம்மா விடவும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கவலையோடு கேட்டார்: “ஏனுங்க தம்பி, தெக்கால மரத்தைச் சுத்தி பிளீச்சிங் பவுடரைக் கொட்டிப்போட்டேன். மரத்துக்கு ஒன்னும் ஆகாதுங்களா? நல்ல காய்ப்பு மரமுங்க.”

வேட்டி துவைப்பவர்

ஒவ்வொரு முறையும் மருந்து விடுவதற்கு முன் சில கேள்விகள் உண்டு. காய்ச்சல் விடாமல் அடிக்கிறதா, எரிச்சல் எப்படி, சிறுநீரில் ரத்தம் போகிறதா? ஒரு நாள் காய்ச்சலும் எரிச்சலும் எதிர்பார்த்ததுதான், ஊர் எழுந்துகொண்டதற்கு அடையாளம். ரத்தம் மட்டும் ஆகாது. உள்ளே புண் இருக்கும்போது மருந்தை விட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டு போகலாம். நான் கேட்கும்போதெல்லாம் கவுண்டர் ஒரே பதில்தான் சொல்வார்: “நல்லா இருக்கறேனுங்க.” பட்டினியாக வந்து உட்கார்ந்தாலும் “சாப்பாடெல்லாம் ஆச்சுங்க” என்கிற ஊரில் பிறந்தவன் நான். எனக்கல்லவா உறைத்திருக்க வேண்டும்?

ஐந்தாவது வாரம் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். மயிலாத்தாள் வெளியே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ பொறி தட்டியது. “ஏனுங்கம்மா, இவரு வேட்டியை ஊட்டுல ஆரு துவைக்கறது?” என்று கேட்டேன். அந்த அம்மா புருஷனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நாலஞ்சு நாளா செவப்புத்தானுங்க தம்பி. சொல்லக்கூடாதுன்னுட்டாரு” என்று அழுதுவிட்டார். குழாயைத் தட்டில் வைத்தேன். கோபம் தலைக்கேறி, வயசுக்குக்கூட மரியாதை தராமல் கத்திவிட்டேன். புண் ஆறி, சிறுநீர் தெளியும் வரைக்கும் மருந்து கிடையாது என்று டாக்டர் தள்ளி வைத்தார். நான் கத்தி முடிக்கும் வரை கவுண்டர் பொறுமையாக இருந்தார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: “டாக்டரு இத்தனை பாடுபட்டு மெட்ராஸ்ல இருந்து வரவெச்சுக் குடுக்கறாருங்க. மருந்து கேக்கலைன்னு சொன்னா அவரு மனசு சங்கடப்படாதுங்களா?”

அன்று சாப்பாட்டுக்குப் போன நான் சாப்பிடாமல் திரும்பி வந்தேன். தன் உயிர் போனாலும் டாக்டரின் முகம் வாடக்கூடாது என்று நினைக்கிற ஒரு மனிதரை நான் திட்டியிருக்கிறேன். திட்டாமல் இருந்திருந்தாலும் தப்புத்தான்.

பக்கத்துக் கட்டில்

தள்ளிப்போன தவணைகளையும் முடித்து, மூன்று மாதம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே நாளில் உள்ளே விளக்குக் குழாய் விட்டுப் பார்த்தோம். கவுண்டருக்குச் சுவர் சுத்தமாக இருந்தது. பாய்க்கு மறுபடி முளைத்து, ஆழமாகவும் போயிருந்தது. அதே மருந்து, அதே கை. ஒருவர் உடம்பு எழுந்து அடித்தது, இன்னொருவர் உடம்பு எழவில்லை. ஏன் என்பது டாக்டருக்கும் தெரியாது.

கவுண்டரைச் சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன், மயிலாத்தாள் கூடவே வந்தார். பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். “எனக்கு மூத்திரப்பையை எடுத்தாகணும்னுட்டாங்க கவுண்டரே. உங்களுக்கு?” என்றார். கவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் அப்படித்தானுங்க பாய், இன்னும் கொஞ்சம் இருக்குதுன்னாங்க” என்றார். பாய் எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கவுண்டரின் தோளில் கை வைத்தார். வைத்ததுதான் தாமதம், கவுண்டர் குழந்தை மாதிரி விம்ம ஆரம்பித்துவிட்டார். பாய் சொன்னார்: “சுத்தமாயிருச்சுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க கவுண்டரே. இன்னைக்கு எனக்குன்னு கேக்க வேற நல்ல சேதி இல்லீங்க.”

சிறுநீர்ப்பைக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க எங்களிடம் விளக்கு வைத்த குழாய் இருந்தது, எங்கள் ஊர்க்காரர் மனசுக்குள் பார்ப்பதற்குத்தான் பக்கத்துக் கட்டில்காரரை உள்ளே விட வேண்டியிருந்தது.