மாமாவால் முடியாத ரேடியோ

என் மாமா கை வைத்தும் ஓடாத சாமான் பாளையங்கோட்டையில் கிடையாது. மிக்சி, தண்ணீர் மோட்டார், பள்ளிக்கூட மணி எல்லாம் அவர் கைபட்டுப் பிழைத்தவைதான். அப்பேர்ப்பட்ட மனிதரால் எங்கள் வீட்டு ரேடியோவை மட்டும் ஒரு மாதமாகச் சரிசெய்ய முடியவில்லை. குவைத்தில் சண்டை வந்த வருஷம் அது. என் அப்பா குவைத்தில் இருந்தார். எனக்கு எட்டு வயது.

சண்டை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, அதனால் சண்டைக்கு நான் பயப்படவில்லை. நான் பயந்தது பிளேனுக்கு. சாதாரணப் பயமா அது? தலைக்கு மேலே சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வேன். அப்பா வீட்டுக்கு வருவதென்றால் பிளேனில்தான் வர வேண்டும் என்பதை நினைத்தாலே சோறு இறங்காது.

இந்தப் பயத்தை எனக்கு ஊட்டி வளர்த்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் மாமா, அம்மாவின் அண்ணன். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து மார்க்கெட் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிளேன் கிறுக்கு. கிறுக்குக்குத் துணையாக இரண்டு பேர். ஒருவர் எங்கள் பள்ளிக்கூட டிராயிங் சார். மூங்கில் சிம்பையும் மைதாப் பசையையும் வைத்துக்கொண்டு பிளேன் செய்வார். இன்னொருவர் காயல்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து இங்கே சென்ட் கடை போட்டிருந்தார். பிளேனில் சாப்பாட்டோடு கொடுக்கும் ஸ்பூன்களைச் சேர்ப்பது அவர் பொழுதுபோக்கு. காயலில் அண்ணனைக் காக்கா என்பார்கள், எங்களுக்கும் அவர் காக்காதான்.

மூவரும் அதுவரை மாமாவின் கடையில்தான் கூடுவார்கள். அப்பாவின் கடிதம் நின்றுபோன வாரத்திலிருந்து எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டார்கள். கெடாத ஃபேனைக் கழற்றினார்கள். ஒழுகாத குழாய்க்கு வாஷர் போட்டார்கள். பக்கத்து வீட்டில் டிவி நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. மாமா மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பி வைத்தார், அதன்பின் வெறும் புள்ளிதான். அந்த வீட்டு அத்தை தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

கை இப்படி வேலை செய்ய, வாய் பிளேன் பேசும்.

"ரெக்கையில தகடு பிஞ்சிருந்தா என்ன வே செய்வீரு?" என்று டிராயிங் சார் கேட்பார்.

"என்ன செய்ய? வெள்ளி டேப்பைக் கிழிச்சு ஒட்டி, பைய ஒரு தடவு தடவி, போயிட்டு வான்னு அனுப்பிர வேண்டியதான்."

"நம்ம கதை அதுக்கு மேலல்லா," என்பார் காக்கா. "மூட்டை ஏத்துத கதவு அடைக்கலைன்னா ஒரே எத்து. கப்புன்னு அடைச்சிரும்."

மூவரும் சிரிப்பார்கள். பசையும் டேப்பும் எத்தும்! இவற்றை நம்பியா அப்பா ஆகாயத்தில் உட்கார்ந்து வரப் போகிறார்? அதுவும் யாரை நம்பி? மேஜைமேல் குடல் சரிந்து கிடந்த ரேடியோவைப் பார்ப்பேன். மாமா தினமும் அதைத் திறப்பார், ஸ்க்ரூடிரைவரால் இரண்டு இடத்தில் தட்டுவார், "ஒரு சாமான் மதுரையிலேருந்து வரணும்" என்று மூடிவிடுவார். ஒரு ரேடியோவுக்கே மதுரைச் சாமான் வர மாதக்கணக்காகும் என்றால், நடுவானத்தில் பிளேனுக்கு ஒன்று கழன்றால் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? இதை யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். மூவருக்கும் காப்பி வைத்துக் கொடுப்பாள். மதியமானால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "மில்லுல மிளகா அரைச்சிட்டு வந்திருதேன்" என்று கிளம்புவாள். திரும்பி வரும்போது கண் இரண்டும் சிவந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். மிளகாய் நெடி அப்படி. நான் தண்ணீர் மொண்டு கொடுப்பேன், முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த மாதம் டிராயிங் சார் ஒரு பெரிய பிளேன் கட்டினார். என் கைகள் இரண்டையும் விரித்தாலும் எட்டாத நீளத்துக்கு இறக்கை. சைக்கிள் டியூபை அறுத்து முறுக்கிவிட்டால் முன்னால் விசிறி சுற்றும். இறக்கைக்கு மேல்தோல், எங்கள் வீட்டு நியூஸ்பேப்பர். பேப்பர்காரன் போட்ட சூட்டோடு மாமா எடுத்துப் போய்விடுவார்.

"இன்னைக்குப் பேப்பர் எங்கண்ணே?" என்று அம்மா கேட்டால், "ரெக்கையில ஒட்டியாச்சு பிள்ள" என்பார். அம்மா சரி என்று விட்டுவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பிளேன் எழும்பியது. வேப்பமர உயரத்துக்குப் போய் ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது, அப்புறம் மூக்குக் குப்புற வந்து விழுந்தது. நான் போட்ட கூச்சலில் மைதானத்துப் பையன்கள் பந்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இறக்கை கிழிந்து கிடந்தது. வெளியே சினிமா விளம்பரம், கிழிசலுக்குள்ளே வேறொரு பக்கம். அதில் ஒரு பீரங்கி வண்டிப் படம், பெரிய எழுத்தில் குவைத் என்ற பெயர். நான் எழுத்துக்கூட்டி அதற்குமேல் வாசிப்பதற்குள் மாமா அதைக் கசக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"ஏட்டி, அழாத. பசை வச்சு ஒட்டினா மறுபடி பறந்துரும்," என்றார் சார்.

பசை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தது. அப்பா பாலைவனம் தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டார், அங்கிருந்து பம்பாய்க்குப் பிளேன். வீடே தலைகீழாகிவிட்டது. காக்கா, "அல்லா கண் திறந்துட்டான்" என்று இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அம்மா தந்தியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் மடியில் விழுந்து கத்தினேன்.

"பிளேன் வேண்டாம்மா! அப்பா பஸ்ஸுலதான வந்திருக்காங்க, அப்படியே பஸ்ஸுலயே வரச் சொல்லு! மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு ரேடியோவைச் சரிபண்ணத் தெரியல. அவங்க ஒட்டுத பிளேனு விழுந்துரும்மா!"

யாரும் சிரிக்கவில்லை. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். அதற்கடுத்த மூன்று நாளும் எனக்குக் காய்ச்சல். வாசலில் சைக்கிள் மணி அடித்தால்கூடப் பிளேன் விழுந்த சேதி என்றுதான் தோன்றியது. கண்ணை மூடினால் அந்தக் கிழிந்த இறக்கை. என் வாழ்நாளில் அந்த மூன்று நாள் அளவுக்கு வேறு எப்போதும் பயந்ததில்லை.

அப்பா வந்தார். பம்பாயிலிருந்து ரயிலில், கையில் ஒரு துணிப்பை மட்டும். தாடி, கறுத்த முகம். அடையாளம் தெரியாமல் நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அப்புறம் விடவே இல்லை, சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

அன்று மதியம் மாமா ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், ஃபியூஸ். அதை ரேடியோவுக்குள் செருகினார். அவ்வளவுதான், பாட்டு வந்துவிட்டது.

"மதுரைச் சாமான் வந்துட்டுதாண்ணே?" என்று கேட்டாள் அம்மா.

மாமா தலையைத் தூக்கவில்லை. "இப்பதான் வந்துது," என்றார். பொட்டலக் காகிதம் மடிப்பு மடிப்பாக நைந்து, வியர்வைக் கறை ஏறியிருந்தது. கடைசியில் மாமாவுக்கும் கொஞ்சம் வேலை பிடிபட்டுவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் மிளகாய் மில்காரரின் மனைவி அப்பாவைப் பார்க்க வந்தார். ரேடியோவைப் பார்த்துவிட்டு, "இங்கனயே பாடுதே! இனி மத்தியானச் செய்திக்கு நீ எங்க வீட்டுக்கு வரமாட்டே, என்ன?" என்றார் அம்மாவிடம்.

மாமா சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காப்பி போட எழுந்துவிட்டாள். டிராயிங் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காக்கா பேச்சை மாற்றுவதற்காக ஏதோ ஒரு பிளேன் கதையை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

நான் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பேர் உள்ள வீட்டில், அதிலும் ஒருவர் கடலுக்கு அப்பால் இருக்கும்போது, ஒருத்தி மாதம் முழுக்க எத்தனை மிளகாய்தான் அரைப்பாள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.