கையால் இழுத்துச் சுடும் துப்பாக்கி

2013 மே 19, ஞாயிறு, மாலை 4.10, காற்றே இல்லாத புழுக்கம்.

நீடாமங்கலம் சாலையில் தரிசு வயலொன்றை வளைத்து, சாயக் குண்டுகளால் சுட்டு ஆடும் பெயின்ட்பால் திடல் போட்டிருந்தார்கள். என் மாப்பிள்ளை ஆட, நான் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். துபாயிலிருந்து திரும்பிய ஒருவர், நரைத்த தாடிக்காரர், சொந்தத் துப்பாக்கியோடு வந்தார். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டிய பழைய மாதிரி. சுடும் முன் குழாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார்.

“இதை மியூசியத்துல வைங்க பாய்,” என்றார் திடல்காரர். “எதிர்ல மூணு பேரை அவுட்டாக்குனா, பயிற்சியாளர் வேலை உங்களுக்குத்தான்.”

“அவுங்க நூறு சுடட்டும். எனக்கு மூணு போதுங்க.”

நான் எண்ணினேன். எதிரணி சுட்டது நூற்றுப் பன்னிரண்டு, பாய் சுட்டது நான்கு. இரண்டு பேர் வெளியேறினார்கள். அடுத்த குண்டு எதிரணியில் இருந்த என் மாப்பிள்ளையின் தோளில் பட்டது. பட்டவரே கையைத் தூக்கி வெளியேற வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளை குனிந்து சாயத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்து ஆடினார். சற்றுப் பொறுத்து பாயின் கணுக்காலில் ஒரு துளி பட்டது. திடலில் யாரும் கவனிக்கவில்லை. பாய் கையைத் தூக்கிவிட்டார்.

வெளியே வந்து என்னிடம் கேட்டார். “மூணாவது ஆள் மேல பட்டுச்சுல்ல சார்?”

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க.”

அவர் தலையாட்டிவிட்டுத் துப்பாக்கியை உறையில் போட்டார். ஏன் கையைத் தூக்கினாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருடைய ஆட்டக் கட்டணத்தை மட்டும் நான் கட்டினேன், நானூற்றைம்பது ரூபாய்.