தோளுக்கு ஏறாத குடம்

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். நாள் முழுவதும் குனிந்து, கைகளை முன்னால் தள்ளித் தேய்த்துக்கொண்டே இருப்பேன். இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஆலங்குளத்து விளையாட்டு ஆசிரியர் ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தார். என் கைகளையே கவனித்துவிட்டு, "அண்ணாச்சி, ஒரே மாதிரியே அசையுதீங்க. கைய மேல தூக்குங்க, பின்னால கொண்டு போங்க, கொஞ்சம் நடங்க. இல்லன்னா தோளு இறுகிப்போவும்" என்றார்.

மறுநாள் அருவிக்கரையில் இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன். கூடத் தொழில் செய்யும் மாரி பார்த்துவிட்டான்.

"என்னவே, ஆகாசத்தப் புடிக்கப் போறீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கூச்சத்தில் கைகளை இறக்கியவன், பிறகு தூக்கவே இல்லை. இடது தோள் வலித்தபோதும் எண்ணெய் போட்டுச் சமாளித்தேன்.

போன ஐப்பசியில் அப்பா இறந்தார். தென்காசிச் சுடுகாட்டில், ஒரே மகனான நான் தண்ணீர்க் குடத்தை இடது தோளில் வைத்து அவரைச் சுற்றிவர வேண்டும். கை மேலே எழவில்லை. குடம் சரிந்தது. தங்கை கணவர் பாய்ந்து பிடித்தார்.

"மச்சான், நீங்க கொள்ளிய மட்டும் வைங்க. குடத்த நான் தூக்குதேன்."

அவர் சுற்றிவர, நான் சும்மா நின்றேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. மாரியும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது தினமும் அருவிக்கரையில், எல்லோர் கண்ணெதிரிலும் கைகளைத் தூக்குகிறேன். இடது கை காதுவரை வந்துவிட்டது. ஆனால் அப்பாவின் குடத்தை இனி யாரும் என்னிடம் தரப்போவதில்லை.