ஃப்ளிக்கருக்கு ஒரு சாட்சி

ஸ்டூலில் ஏறி நின்று எலக்ட்ரீஷியன் தன் வீட்டுச் சமையலறை ட்யூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாற்றினார். ஊரார் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவர் வீட்டில் அது வருஷக்கணக்காகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. மனைவிக்குச் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். இன்றைக்குத்தான் அவருக்கு வெட்கம் வந்தது.

மனைவி ஒரு விளக்குக் கடையில் பார்சல் கட்டுகிறவள். அங்கே அவளுக்கு டிக்‌ஷனரி அக்கா என்று பெயர். இணையத்தில் விற்கிற விளக்குகளுக்கு இங்கிலீஷில் ஒரு வரி எழுதும் வேலையும் இப்போது அவள் தலையில். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் அவளுக்கு ஒட்டாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டிலேயே ஒரு சாட்சி வேண்டும். ஷிம்மர் என்றால் சூப்பின் மேல் மிதக்கிற எண்ணெய். கிளிம்மர், குளியலறைக் கதவிடுக்கில் கசிவது. கிளிட்டருக்கு நாத்தனாரின் செருப்பு. ட்விங்கிள், அதே நாத்தனார் வம்பு கொண்டுவரும்போது கண்ணில் தெரிவது. ஃப்ளிக்கருக்கு இந்த ட்யூப்லைட்.

சாயங்காலம் புது பல்பு ஒன்றோடு வந்தாள், மெழுகுவத்தி போலச் சுடர் ஆடுகிற ரகம். ஃப்ளிக்கர் என்று அவள் எழுதியதை முதலாளி அடித்துவிட்டாராம். அது கோளாறு, கோளாறை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்றாராம். காலைக்குள் சரியாக எழுதினால் எழுத்து மேஜை அவளுக்கு நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி அட்டைப்பெட்டியும் டேப்பும். இரண்டு விளக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க ஓடிவந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல யாரு கை வச்சது?"

பாராட்டுக்குக் காத்திருந்தவர், "நான்தான்," என்றார்.

"இத்தன வருஷம் பொறுத்தீங்க. இன்னும் ஒரு நாள் பொறுக்கல."

அவர் மறுபடி ஏறிப் பழைய ஸ்டார்ட்டரை மாட்டினார். ட்யூப்லைட் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் எரிந்தது. வீம்புக்கென்றே குணமாகியிருந்தது. கடுப்பில் அதை அணைத்துவிட்டு, புது பல்பைப் போட்டுப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியையும் ஏற்றினார். இரண்டும் ஒன்றுபோல ஆடின.

"ட்யூப்லைட்டு துடிச்சா வியாதி. மெழுகுவத்தி துடிச்சா அது சுபாவம். இதுக்குப் போயி என்னை ஏத்தி ஏத்தி எறக்குற."

அவள் பேனாவை எடுத்தாள். ஃப்ளிக்கரை அப்படியே வைத்து, மெழுகுவத்திச் சுடரைப்போல என்று இங்கிலீஷில் முன்னால் சேர்த்தாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முதலாளி இதை அடிக்க மாட்டார்.

அவர் ட்யூப்லைட்டைப் போட்டார். அது ஒருமுறை யோசித்துவிட்டு, பழையபடி கண்ணடிக்க ஆரம்பித்தது.

"இப்ப என்ன பண்ணட்டும்? மாத்தவா, விடவா?" என்று ஸ்டூலில் காலை வைத்தபடி கேட்டார்.

அவள் பல்பைக் கழற்றிக்கொண்டு, எழுதிய வரியை முணுமுணுத்தபடி சமையலறையை விட்டு வெளியே போனாள்.