இன்னும் கொஞ்சம் கூட்டு

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பதினெட்டு வருடம் பெரிய ஜெட் ஓட்டியவன் நான். கதை விட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதுவும் இது நடந்தது பட்டப்பகலில். பேய் இருட்டில்தான் வரும் என்று எவன் சொன்னானோ, அவனைக் கொண்டுவந்து என் சீட்டில் உட்கார வைக்க வேண்டும்.

இறங்கும் வேகத்தை விமானத்தின் எடையை வைத்துக் கணக்கிடுவோம். அன்று 142 நாட், அதாவது மணிக்குச் சுமார் 263 கிலோமீட்டர். ரொம்பக் குறைந்தால் விமானம் விழும். ரொம்பக் கூடினால் ஓடுதளம் போதாது. ஒருவர் ஓட்டும்போது அடுத்தவர் வேகத்தைக் கவனித்துச் சொல்வார். இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால், அவரே விமானத்தைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அன்று நான் ஓட்டினேன். பக்கத்தில் துணை விமானி. கீழே மழையில் நனைந்த ஓடுதளம். என் மனைவியின் அண்ணனும் விமானிதான். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஓடுதளத்தில் கண்மண் தெரியாத வேகத்தில் இறங்கி, முனை தாண்டிப் போய்ச் செத்தார். அவசரக்குடுக்கை என்று எல்லோரும் ஏசினார்கள். என் மனைவி மட்டும் நம்பவில்லை. "அண்ணன் அப்படி ஓட்டுறவர் இல்லைங்க" என்பாள்.

ஆயிரம் அடி. 142. எல்லாம் சரி.

"கம்மி மாப்ள."

மச்சானின் குரல். காதுக்குப் பக்கத்தில்.

எண்ணைப் பார்த்தேன். 136… 133…

"விழப்போறே. இன்னும் கொஞ்சம் கூட்டு."

பவர் லீவரைத் தள்ளினேன். எஞ்சின் உறுமியது. எண் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஐந்நூறு அடி.

"கூட்டு…"

தள்ளினேன்.

முந்நூறு.

ஒரு சிரிப்பு…

என் கையைத் தட்டிவிட்டான் துணை விமானி.

"என் கன்ட்ரோல்!"

விமானம் மூக்கைத் தூக்கி மேலே ஏறியது. பின்னால் இருநூற்றுச் சொச்சம் பேர்.

"ரெண்டு தடவை கத்தினேன் சார். ஸ்பீடு 170. காதுல விழலையா?"

"கம்மின்னு சொன்னது…"

"யாரும் சொல்லல சார்."

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். பைத்தியம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மச்சானின் விபத்தை விசாரித்த அதிகாரி என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"உங்க மச்சானோட காக்பிட் பதிவுல மூணாவதா ஒரு குரல் இருக்கு. யாருதுன்னு இதுவரைக்கும் தெரியல. நீங்க எழுதின அதே வார்த்தைங்க. கேளுங்க."

பதிவை ஓடவிட்டார்.

"கம்மி மச்சான்… இன்னும் கொஞ்சம் கூட்டு."

என் குரல். கடைசியில் வந்த சிரிப்பும் என்னுடையதுதான்.

அந்த விபத்து நடந்த நேரத்தில் நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த என் மனைவிக்கும் அது தெரியும்.

"உங்க குரலை நம்பித்தான் அண்ணன் வேகத்தைக் கூட்டியிருக்கார்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. நான் வாயைத் திறந்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள்.